கையெழுத்திட்டுக் கொடுத்த கட்டண ஒப்பந்தம் நீதிமன்றத்தில் நிற்குமா?

வழக்கறிஞர் பதில்

இரண்டு பிள்ளைகளின் தாயான 38 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கும் கடிதம் இது. பெயர், ஊர், வழக்கு எண் ஆகியவற்றை நீக்கி, சுருக்கித் தருகிறேன்.

லாரி மோதி அவருடைய கணவர் இறந்துவிட்டார். காரியம் முடிந்த மறுவாரமே, உறவினர் ஒருவர் ஒரு வழக்கறிஞரை வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார். "இப்போது பீஸ் எதுவும் வேண்டாம், பணம் வரும்போது கால் பங்கு தந்தால் போதும்" என்று அவர் சொல்லியிருக்கிறார். வழக்கு நடத்த அதிகாரம் தரும் பத்திரமான வக்காலத்தில் கையெழுத்து வாங்கியபோதே, 20 ரூபாய் முத்திரைத்தாளில் "கிடைக்கும் மொத்த இழப்பீட்டில் 25 விழுக்காடு கட்டணம்" என்று தட்டச்சு செய்த ஓர் ஒப்பந்தத்திலும், தொகை நிரப்பாத இரண்டு காசோலைகளிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதன் பிறகு "செலவுக்கு" என்று அவ்வப்போது ரொக்கமாக வாங்கிய தொகை 45,000 ரூபாய். எதற்கும் ரசீது இல்லை.

இரண்டு மாதங்களுக்கு முன் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் 24 லட்சம் ரூபாயும், மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து 7.5 விழுக்காடு வட்டியும் வழங்கித் தீர்ப்பளித்தது. காப்பீட்டு நிறுவனம் வட்டியுடன் 30,80,000 ரூபாயைத் தீர்ப்பாயத்தில் செலுத்திவிட்டது. இதில் மனைவிக்கு 40 விழுக்காடு, 14 வயது மகளுக்கும் 9 வயது மகனுக்கும் தலா 25 விழுக்காடு, மாமியாருக்கு 10 விழுக்காடு. பிள்ளைகளின் பங்கு அவர்கள் 18 வயதை அடையும்வரை வங்கி வைப்பில் இருக்கும். இப்போது வழக்கறிஞர் 7,70,000 ரூபாய் கேட்கிறார். அதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் பணம் பெறும் மனுவைப் போடமாட்டேன், கேஸ் கட்டைத் தரமாட்டேன், வேறு வக்கீல் வைக்க ஒப்புதல் எழுதமாட்டேன், காசோலையை நிரப்பி வங்கியில் போடுவேன் என்கிறார். சகோதரியின் அண்ணனோ, "ஒப்பந்தமே செல்லாது, ஒரு பைசா தராதே, நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போ" என்கிறார். "படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறுதானே, இனி நான் கட்டுப்பட்டவள்தானே?" என்பதே இவருடைய முதல் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்களை உறங்கவிடாமல் செய்வது அதுதான் என்று கடிதத்தில் தெரிகிறது. கையெழுத்துப் போட்டதால் மட்டும் நீங்கள் கட்டுப்பட்டவர் ஆகிவிடவில்லை. இரண்டு வியாபாரிகள் பேரம் பேசிச் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தையும், வழக்கறிஞர் தன்னை நம்பி வந்த கட்சிக்காரரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தையும் சட்டம் ஒரே தராசில் வைப்பதில்லை. நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர், நம்பியவரோடு ஒரு கொடுக்கல் வாங்கல் செய்தால், அது நேர்மையானது என்று காட்டவேண்டிய பொறுப்பு அந்த நம்பிக்கைக்குரியவர் மீதே விழுகிறது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 111ஆம் பிரிவில் இதைச் சொல்லி, அதற்குக் கொடுத்த எடுத்துக்காட்டே ஒரு கட்சிக்காரர் தன் வழக்கறிஞருக்குச் செய்த விற்பனை பற்றியதுதான். அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியத்தில் அது 114ஆம் பிரிவாகத் தொடர்கிறது. கணவரை இழந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒரு பெண்ணிடம், அவர் வீட்டிலேயே, வக்காலத்தோடு சேர்த்து வாங்கப்பட்ட கையெழுத்து என்ற உண்மை எந்த நீதிபதியின் முன்னும் எடைபோடப்படும்.

கால் பங்கு என்ற கணக்கு

உங்கள் ஒப்பந்தத்துக்கு இதைவிட அடிப்படையான குறை ஒன்று உண்டு. இந்தியாவில் வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதும் வழக்கறிஞர்களுக்குத் தடை செய்யப்பட்டவை. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சில் வகுத்த நடத்தை விதிகளில் 20ஆம் விதி இதை நேராகவே சொல்கிறது. உச்ச நீதிமன்றம் 1954இலேயே, ஒரு மூத்த வழக்கறிஞர் சம்பந்தப்பட்ட வழக்கில், சாதாரண மனிதர் ஒருவர் இப்படிப் பங்கு பேசினால் அது இந்தியச் சட்டப்படி குற்றமற்றதாகவே இருக்கலாம் என்றாலும், வழக்கறிஞர் அதைச் செய்வது தொழில்முறை ஒழுங்கீனம் என்று தீர்மானித்தது.

உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமான தீர்ப்பு 2017 டிசம்பர் 5 அன்று வந்தது. தெலங்கானாவிலிருந்து சென்ற அந்த வழக்கிலும் சாலை விபத்தில் கணவரை இழந்த ஒரு பெண்தான் கட்சிக்காரர். 10 லட்சம் ரூபாய் கட்டணம் போக, மேலும் 3 லட்சம் ரூபாய்க்கு அவரிடம் காசோலை வாங்கப்பட்டிருந்தது. அது பணமில்லாமல் திரும்பியபோது வழக்கறிஞர் காசோலை மோசடி வழக்குத் தொடுத்தார். வழக்குத் தொகையில் விழுக்காடு என்ற அடிப்படையில் கேட்கப்படும் கட்டணம் பொதுக்கொள்கைக்கு முரணானது, ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி அதைச் சட்டத்தால் வசூலிக்க முடியாது, காசோலையில் கையெழுத்து இருப்பது மட்டும் கட்சிக்காரர் அந்தக் கோரிக்கையை மறுப்பதைத் தடுக்காது என்று கூறி, உச்ச நீதிமன்றம் அந்தக் குற்ற வழக்கை ரத்து செய்தது. வழக்கறிஞர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று முன்வந்த பிறகும், ஒழுங்கீனம் பற்றிய கேள்வி அதனால் முடிந்துவிடாது என்று நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். இந்தத் தீர்ப்பின் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

25 விழுக்காடு என்பது உண்மையில் உங்களுக்கு எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். மொத்தத் தொகையில் கால் பங்கு 7,70,000 ரூபாய். ஆனால் பிள்ளைகளின் பாதிப் பங்கான 15,40,000 ரூபாயை யாரும் தொட முடியாது. மாமியாரிடமும் அவர் கேட்கவில்லை. ஆகவே அந்த முழுத் தொகையும் உங்கள் கைக்கு வரவேண்டிய 12,32,000 ரூபாயிலிருந்து போகும். உங்களுக்கு மிஞ்சுவது 4,62,000 ரூபாய். கால் பங்கு என்று பேசப்பட்டது, நடைமுறையில் உங்கள் பங்கில் அறுபது விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஒப்பந்தம் எழுதியபோது இதை யாரும் உங்களுக்கு விளக்கியிருக்க மாட்டார்கள்.

இதில் பிள்ளைகளின் பங்கின் மீதும் கட்டணம் கணக்கிடப்பட்டிருக்கிறது என்பதைத் தனியாகக் கவனியுங்கள். சிறார்களின் பணம் தீர்ப்பாயத்தின் காவலில் இருக்கும் பணம். 1993இல் கேரள அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிகாட்டுதல்களுக்குப் பிறகு, சிறார்களின் தொகையை வைப்பில் போடுவது நாடு முழுவதும் வழக்கமாகிவிட்டது. இழப்பீடு உரியவருக்குச் சேராமல் இடையிலேயே கரைந்துவிடக்கூடாது என்ற கவலையே அதற்குக் காரணம். தாய் என்ற முறையில் நீங்கள் அவர்களுக்குக் காப்பாளராக நின்று வழக்கு நடத்தியிருக்கலாம். அதனால் அவர்கள் பங்கில் கால்வாசியை எழுதிக் கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கு வந்துவிடாது. அந்த வகையில் ஒப்பந்தத்தின் பாதி, வேறு எந்த வாதமும் இல்லாமலே சரிந்துவிடுகிறது.

அண்ணன் சொல்வது எவ்வளவு சரி?

ஒப்பந்தம் செல்லாது என்பதில் உங்கள் அண்ணன் சொல்வது சரி. அதனால் ஒரு பைசாவும் தரவேண்டாம் என்பதில் அவரோடு நான் உடன்படவில்லை. அந்த வழக்கறிஞர் பல ஆண்டுகள் வழக்கு நடத்தியிருக்கிறார், சாட்சிகளை விசாரித்திருக்கிறார், நல்ல தொகைக்குத் தீர்ப்பும் வாங்கியிருக்கிறார். ஒப்பந்தம் விழுந்தாலும் செய்த வேலைக்கு நியாயமான கட்டணம் பெற அவருக்கு உரிமை உண்டு. 1926ஆம் ஆண்டின் சட்டத் தொழில் புரிவோர் கட்டணச் சட்டம், கட்டணம் பேசி முடிக்கப்படாத இடத்தில், எதிர்த்தரப்பிடம் செலவுத்தொகை வாங்குவதற்கென்று நடைமுறையில் உள்ள விதிகளின்படி கணக்கிட்ட கட்டணத்தை வழக்குப் போட்டே வசூலிக்க வழக்கறிஞருக்கு இடம் தருகிறது. தமிழ்நாட்டில் அந்தக் கணக்குக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் 1973ஆம் ஆண்டுக் கட்டண விதிகள் உள்ளன. பேசிய கட்டணமே சட்டவிரோதமானது என்றால், கட்டணமே பேசாத நிலைதான் இது என்று வாதிட உங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது. உங்கள் தீர்ப்பாணையின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். வழக்கறிஞர் கட்டணம் என்று ஒரு தொகை குறிக்கப்பட்டிருந்தால், பேச்சைத் தொடங்குவதற்கு அதுவே நல்ல அளவுகோல். அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம் என்று உங்களுக்குத் தோன்றினால் கொடுக்கலாம், ஆனால் அது உழைப்பைப் பார்த்து முடிவு செய்த ஒரு தொகையாக இருக்கவேண்டும். இழப்பீட்டைப் பார்த்துப் போட்ட விழுக்காடாக இருக்கக்கூடாது.

முன்பணம் கேட்காமல் ஏழைகளின் வழக்கை ஏற்கும் வழக்கறிஞர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதையும், அவர்கள் இல்லாவிட்டால் பல குடும்பங்கள் தீர்ப்பாயத்தின் வாசலையே மிதித்திருக்காது என்பதையும் நான் அறிவேன். பங்கு பேசுவதை அனுமதித்தால்தான் ஏழைக்கு வக்கீல் கிடைப்பார் என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. சில நாடுகளில் அப்படித்தான் நடக்கிறது. ஆனாலும் தடை சரியென்றே நான் கருதுகிறேன். தீர்ப்புத் தொகையில் பங்குள்ள வழக்கறிஞர், இன்று குறைந்த தொகைக்குச் சமரசம் செய்வதா, இன்னும் இரண்டு ஆண்டுகள் காத்திருப்பதா என்று உங்களுக்கு ஆலோசனை சொல்லும்போது, அந்த ஆலோசனையில் அவருடைய பையும் சேர்ந்து பேசும். மேலும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு வழி செய்திருக்கிறது. காரியம் முடிந்த மறுவாரம் வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவராவது இதை உங்களுக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

நுகர்வோர் நீதிமன்றம் பற்றியும் அண்ணனுக்குக் கிடைத்த தகவல் பழையது. வழக்கறிஞரின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே 14 அன்று தீர்ப்பளித்துவிட்டது. அங்கே மனுப் போட்டால் காலம்தான் வீணாகும்.

எந்தக் கதவைத் தட்டுவது?

இங்கிலாந்தில் வழக்கறிஞரின் பில் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் கட்சிக்காரர் கேட்டால், நீதிமன்றம் அந்தக் கட்டணத்தை மதிப்பிட்டே ஆகவேண்டும். 1974ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. நம் நாட்டில் கட்சிக்காரர் நேராகப் போய்க் கட்டண ஒப்பந்தத்தைச் சீராய்வு செய்யச் சொல்லும் அப்படி ஒரு தனி நடைமுறை இல்லை. ஒரே மனுவில் எல்லாம் தீரும் என்று எதிர்பார்த்தால், அது நடக்காது. ஆய்வு இங்கே துண்டு துண்டாக, வெவ்வேறு இடங்களில் நடக்கிறது.

முதலாவது, தீர்ப்பாயம். கட்டணத் தகராறைத் தீர்ப்பது அதன் வேலையில்லை. ஆனால் பணம் அதன் கையில் இருக்கிறது, யாருக்கு எப்படிப் போகவேண்டும் என்று உத்தரவிடுவதும் அதுதான். இழப்பீட்டை உரியவரின் வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்புவதை ஊக்குவித்து உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் மாதத்திலும் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே உங்கள் பெயரில் மட்டும் உள்ள கணக்கின் விவரத்தோடு மனுச் செய்து, நடந்ததை உறுதிமொழிப் பத்திரமாகத் தீர்ப்பாயத்தின் முன் வையுங்கள். வங்கிப் புத்தகத்தையோ, ஏ.டி.எம். அட்டையையோ, கையெழுத்திட்ட பணமெடுக்கும் சீட்டையோ எவரிடமும் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, பார் கவுன்சில். தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலிடம் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவின் கீழ் புகார் செய்யலாம். கண்டிப்பு, தொழில் செய்யக் குறிப்பிட்ட காலத் தடை, பதிவிலிருந்து பெயர் நீக்கம் ஆகியவை அதன் தண்டனைகள். ஆனால் அது ஒழுங்கு நடவடிக்கைக்கான இடம். கட்டணத்தைக் குறைத்துத் தரவோ, கொடுத்ததை வசூலித்துத் தரவோ ஏற்பட்டதன்று. புகாரை மிரட்டலாகப் பயன்படுத்தாதீர்கள். "பணம் குறைத்தால் புகார் செய்யமாட்டேன்" என்று ஒரு வரி எழுதினாலும், பிறகு அது உங்களுக்கு எதிராகவே காட்டப்படும்.

மூன்றாவது, உரிமையியல் நீதிமன்றம். மிரட்டலுக்குப் பயந்து முழுத் தொகையையும் கொடுத்துவிட்டால், நியாயமான கட்டணத்துக்கு மேற்பட்டதைத் திரும்பப் பெற அங்கேதான் போகவேண்டும். அது நீண்ட வழி. இன்று கொடுக்காமல் இருப்பது, நாளை கொடுத்ததைத் திரும்பக் கேட்பதைவிட எவ்வளவோ எளிது.

கட்டும், ஒப்புதலும், காசோலையும்

கட்டணப் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. பாக்கி இருந்தால் அவர் வழக்குப் போட்டு வசூலிக்கவேண்டுமே தவிர, உங்கள் ஆவணங்களை ஈடாக வைத்திருக்கக்கூடாது. தீர்ப்பின் சான்றிட்ட நகலை நீங்களே மனுப்போட்டுப் பெறலாம்.

வேறு வழக்கறிஞர் வைக்கப் பழையவரின் ஒப்புதல் வேண்டும் என்பது பாதி உண்மை. ஒப்புதல் கேட்பது முறை. அது மறுக்கப்பட்டால், காரணத்தைச் சொல்லித் தீர்ப்பாயத்தின் அனுமதியோடு புதிய வக்காலத்தைத் தாக்கல் செய்யலாம் என்று பார் கவுன்சில் விதிகளே சொல்கின்றன. புதிய வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லை என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 15100 என்ற கட்டணமில்லாத எண்ணில் அழையுங்கள்.

காசோலைகள்தான் உண்மையான ஆபத்து. நிரப்பாமல் கொடுத்த காசோலை செல்லாது என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. கையெழுத்தை ஒப்புக்கொண்டாலே, கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்ற அனுமானம் உங்களுக்கு எதிராக எழும். அதை நீங்கள்தான் முறியடிக்கவேண்டும். நான் மேலே சொன்ன 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதற்கு வலுவான துணை, ஆனால் அது தானாக வந்து உங்களைக் காப்பாற்றாது. கணக்கை மூடிவிடாதீர்கள், அது வழக்கைத் தடுக்காது. காசோலைகள் எதற்காக, எப்போது வாங்கப்பட்டன என்பதை இன்றே எழுத்தில் பதிவு செய்யுங்கள். வங்கிக்கும் தகவல் கொடுங்கள். காசோலை திரும்பிவிட்டதாக அவரிடமிருந்து அறிவிப்பு வந்தால், 15 நாட்களுக்குள் வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்பியே ஆகவேண்டும். பதில் அனுப்பாத மௌனத்தை நீதிமன்றங்கள் சாதகமாகப் பார்ப்பதில்லை.

முதலில் எழுதவேண்டிய கடிதம்

இவை எல்லாவற்றுக்கும் முன், அவருக்குப் பெற்றதற்கான ஒப்புகை கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒரு கடிதம் அனுப்புங்கள். கோபமோ குற்றச்சாட்டோ அதில் வேண்டாம். நான்கு செய்திகள் போதும்: வழக்கை நடத்தித் தந்ததற்கு நன்றி, 45,000 ரூபாய்க்கும் செய்த செலவுகளுக்கும் கணக்கு வேண்டும், செய்த வேலைக்கான கட்டணத்தை விழுக்காடு அல்லாத ஒரு தொகையாகக் குறித்து பில் தரவேண்டும், கேஸ் கட்டையும், ஒப்பந்தத்தின் நகலையும், இரண்டு காசோலைகளையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தரவேண்டும். கட்சிக்காரரின் பணத்துக்கு, கட்டணம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பிரித்துத் தேதிவாரியாகக் கணக்கு வைப்பதும், கேட்டால் அதன் நகலைத் தருவதும் பார் கவுன்சிலின் 25 முதல் 30 வரையிலான நடத்தை விதிகளின்படி அவருடைய கடமை. ரசீது இல்லை என்று நீங்கள் வருந்துகிறீர்கள். கணக்குக் காட்டவேண்டியவர் அவர். இருந்தாலும் பணம் கொடுத்த நாட்கள், உடனிருந்தவர்கள், அவர் அனுப்பிய வாட்ஸப் செய்திகள் ஆகியவற்றைத் திரட்டி வையுங்கள். இந்தக் கடிதத்துக்குப் பிறகு பெரும்பாலும் பேச்சு நியாயமான தொகைக்கு இறங்கிவரும் என்பது என் அனுபவம். அப்படி ஒரு தொகை முடிவானால் வங்கி வழியாக மட்டும் கொடுத்து, "முழுக் கட்டணமும் பெறப்பட்டது" என்ற ரசீதையும் காசோலைகளையும் அதே நாளில் வாங்கிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும், அதற்குத்தான் நேரம் மிகக் குறைவு. வழங்கப்பட்ட இழப்பீடு போதாது என்று நினைத்தால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 173ஆம் பிரிவு தரும் காலம், தீர்ப்பு நாளிலிருந்து 90 நாட்கள். போதுமான காரணம் காட்டினால் தாமதம் மன்னிக்கப்படலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். தீர்ப்பு வந்து இரண்டு மாதங்கள் ஆகிவிட்டன. கணவரின் வருமானத்தைத் தீர்ப்பாயம் எவ்வளவு என்று எடுத்துக்கொண்டது, எதிர்கால வருமான உயர்வைச் சேர்த்ததா என்பதை, இந்தக் கட்டணத் தகராறில் சம்பந்தமில்லாத வேறொரு வழக்கறிஞரிடம் தீர்ப்பின் நகலைக் கொடுத்து இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள்.